நெருக்கடியான இடத்தில் ஈயம் வைக்க எந்தச் சோல்டரிங் அயன்?

எமது கிராமங்களில் ஓடும் வாகனங்களுள் பெரும்பாலானவை வயது போனவை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு வழி மீண்டும் திறந்தது 2025 பெப்ரவரியில்தான். இடைப்பட்ட காலத்தில் இருந்ததைத் திருத்தி ஓட்டுவதைத் தவிர வேறு வழியிருக்கவில்லை. யாழ்ப்பாணத்து மொறிஸ் மைனரும் ஒஸ்ரின் கேம்பிறிட்ஜும், வன்னியில் நெல்மூடை ஏற்றும் லாண்ட்மாஸ்டரும், சந்தைக்கு மரக்கறி கொண்டுபோகும் முச்சக்கரவண்டியும், பள்ளிப் பிள்ளைகளை ஏற்றும் வானும் இப்படித்தான் உயிரோடு இருக்கின்றன.

இயந்திரத்துக்குப் புதிய பாகம் போடலாம். ரயர் மாற்றலாம். ஆனால் வண்டியின் உடலெங்கும் நரம்பாக ஓடும் வயர்களை முழுமையாக மாற்றுவோர் மிகச் சிலரே. வெயிலில் உறை காய்ந்து வெடிக்கிறது. எலி கடிக்கிறது. கடற்கரைப் பகுதிகளில் உப்புக் காற்றுப் பட்டுச் செம்பு பச்சை பூக்கிறது. இவ்வாறு அறுந்ததையும் இற்றதையும் பொருத்தும் வேலை, பெரும்பாலும் கிராமத்துக் கராஜில் தொழில் பழகும் இளைஞரின் கைக்கே வருகிறது. குறடும் ரெஸ்ற் லாம்ப்பும் வாங்கிய பின் அவர் வாங்க நினைக்கும் அடுத்த கருவி சோல்டரிங் அயன். பாடப்புத்தகங்கள் இதனைப் பற்றாசுக்கோல் என்கின்றன. கடையில் பல வகை தொங்கும். எதை எடுப்பது? மேசைமேல் வைத்து றேடியோ திருத்தும் ஒருவருக்குப் பொருந்துவது, டாஷ்போட்டின் கீழே மல்லாந்து படுத்து வேலை செய்பவருக்குப் பொருந்தும் என்று சொல்ல முடியாது. இக்கட்டுரை அவருக்காகவே எழுதப்படுகிறது.

ஒரு மூட்டில் என்ன இருக்கிறது?

வயரை முறுக்கி ரேப் சுற்றினால் போதும் என்று எண்ணுவோர் உண்டு. ஒரு சிறு கணக்கைப் பாருங்கள். 55 வாற் ஹெட்லைற் குமிழ் ஒன்று 12 வோல்றில் ஏறக்குறைய 4.6 அம்பியர் இழுக்கும். அதன் வயரிலுள்ள மூட்டு ஒன்று கறள் பிடித்து 0.2 ஓம் தடையைக் கொடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த மூட்டிலேயே 0.9 வோல்ற் அளவில் இழக்கப்படும். குமிழின் ஒளி மின்னழுத்தத்தைவிட மிக வேகமாகக் குறையும் இயல்புடையது. எனவே, ஒளியில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு போய்விடும். இரவில் மாடு படுத்திருக்கும் வீதியில் இது சிறிய இழப்பல்ல.

இழந்த அந்த மின்சாரம் வெப்பமாகிறது. ஒரு கடலையளவு மூட்டுக்குள் 4 வாற் வெப்பம் ஓயாமல் பிறக்கிறது. ரேப் இளகும், வயரின் உறை இளகும், தடை மேலும் கூடும், வெப்பமும் கூடும். வாகனம் தீப்பற்றுவதற்கு இத்தகைய மூட்டு ஒன்றே போதும். ஆகவே அயன் தெரிவு என்பது வசதியைப் பற்றிய பேச்சு மட்டுமல்ல. அந்த வண்டியில் ஏறுகின்றவர்களின் பாதுகாப்பும் அதில் அடங்கியுள்ளது.

ஈயம் வைக்கத்தான் வேண்டுமா?

வாகனத் தொழிற்சாலைகளில் பெரும்பாலான இணைப்புகள் ஈயம் வைக்கப்படுவதில்லை. உலோக முனையை வயரின் மேல் அழுத்தி நெரித்தே பொருத்துகிறார்கள். இதற்குக் காரணம் உண்டு. ஈயம் உருகும்போது வயரின் இழைகளுக்கிடையே ஊறிச் சென்று, அந்தப் பகுதியைக் கம்பிபோல் விறைக்கச் செய்கிறது. விறைத்த பகுதி முடிந்து மென்மையான பகுதி தொடங்கும் இடத்தில், வண்டியின் அதிர்வு நாளெல்லாம் வேலை செய்யும். மூட்டு அறாது, மூட்டுக்கு அரை அங்குலம் தள்ளி வயர் அறும்.

ஆனால் நல்ல நெரிகுறடும் அளவுக்கேற்ற முனைகளும் எல்லாக் கிராமத்துக் கராஜிலும் இல்லை. சாதாரண குறட்டால் நசுக்கிய முனையைவிட ஒழுங்காக ஈயம் வைத்த மூட்டு எவ்வளவோ மேல். எனவே மூன்று விதிகளை மனதில் வைத்திருங்கள்.

முதலாவது, ஈயம் வைத்த மூட்டை ஒருபோதும் ஆடவிடக் கூடாது. மூட்டுக்கு இரு பக்கமும் வயரைக் கட்டுடன் சேர்த்துக் கட்டிவிட வேண்டும். கதவுப் பிணைச்சலுக்கு அருகில், அடிக்கடி மடியும் இடத்தில், மூட்டு வைக்கவே கூடாது.

இரண்டாவது, பற்றரியிலிருந்து ஸ்ராட்டருக்குப் போகும் தடித்த கேபிளுக்குச் சிறிய அயன் உதவாது. அதற்கு நெரித்துப் பொருத்தும் லக்தான் சரி. திருகாணியால் இறுக்கும் இணைப்புக்குள் போகும் வயர் நுனிக்கும் ஈயம் வைக்காதீர்கள். ஈயம் மென்மையானது, நாளடைவில் நசிந்து இணைப்புத் தளர்ந்துவிடும்.

மூன்றாவது, காற்றுப்பைக்குச் செல்லும் வயர்களையும், பிரியஸ், அக்குவா போன்ற கலப்பின வாகனங்களின் செம்மஞ்சள் நிறக் கேபிள்களையும் தொடாதீர்கள். காற்றுப்பையின் இணைப்பிகள் பொதுவாக மஞ்சள் நிறமாக இருக்கும். முன்னையது வெடித்து விரியும். பின்னையது 100 வோல்றுக்கும் மேற்பட்ட மின்னழுத்தம் கொண்டது. அவற்றை அதற்கெனப் பயின்றவரிடம் விட்டுவிடுங்கள்.

எத்தனை வாற் வேண்டும்?

"சிறிய வாற் என்றால் வயர் கருகாது" என்பது பலரின் எண்ணம். உண்மை பெரும்பாலும் இதற்கு எதிரானது. செம்பு வெப்பத்தை வேகமாகக் கடத்தும். வலுக் குறைந்த அயனை வயரில் வைத்தால், நுனி கொடுக்கும் வெப்பத்தை வயர் இரு பக்கமும் இழுத்துக்கொண்டு போய்விடும். மூட்டு ஈயத்தை உருக்கும் அளவுக்குச் சூடேறாது. நாம் அரை நிமிடம், ஒரு நிமிடம் எனப் பிடித்துக்கொண்டிருப்போம். இதற்கிடையில் வெப்பம் ஊர்ந்து சென்று உறையை இளக்கிவிடும். வயரின் பி.வி.சி. உறை 100 பாகை செல்சியஸ் அளவிலேயே மென்மையாகத் தொடங்கும். ஈயம் உருகுவதோ 183 பாகைக்கு மேல்.

எனவே நமக்கு வேண்டியது வேகம். போதிய வலுவுள்ள அயனால் மூன்று முதல் ஐந்து விநாடிக்குள் மூட்டு முடிந்துவிட வேண்டும். கருவி விளக்குகளுக்கும் றேடியோவுக்கும் போகும் 0.5 முதல் 1 சதுர மில்லிமீற்றர் வயர்களுக்கு 25 முதல் 40 வாற் போதும். ஹெட்லைற், ஹோண் போன்றவற்றின் 1.5 முதல் 2.5 சதுர மில்லிமீற்றர் வயர்களுக்கு 60 வாற் அயன் பொருத்தமானது. ஒரேயொரு அயன்தான் வாங்க முடியும் என்போர் 60 வாற்றையே வாங்கலாம். வலுக் கூடிய அயனை மெல்லிய வயரில் குறைந்த நேரம் வைத்து வேலை செய்யலாம். வலுக் குறைந்த அயனைத் தடித்த வயரில் எவ்வளவு நேரம் வைத்தாலும் பயனில்லை.

சந்தையிலுள்ள வகைகள்

230 வோல்ற் பென்சில் அயன்: விலை குறைந்தது, எங்கும் கிடைப்பது. மின்சாரம் உள்ள கராஜில் இது போதுமானது. ஆனால் வண்டிக்குள் 230 வோல்ற் வயரை இழுத்துக்கொண்டு தவழ்கிறோம் என்பதை மறக்கக் கூடாது. மூன்று முள் பிளக்குடன் ஏர்த் இணைப்புள்ளதையே வாங்குங்கள். ட்ரிப் சுவிச் உள்ள இணைப்பிலிருந்து மின்சாரம் எடுங்கள். ஈர நிலத்தில் படுத்து இதனைப் பயன்படுத்தாதீர்கள்.

12 வோல்ற் அயன்: பற்றரியிலிருந்து நேரே இயங்குவது. வழியில் நின்றுபோன வண்டிக்கும், வயலில் நிற்கும் உழவு இயந்திரத்துக்கும் இதுவே துணை. 1990 முதல் பல ஆண்டுகள் யாழ்ப்பாணக் குடாநாடு மின்சாரமின்றி இருந்ததையும், 2022 மார்ச் இறுதியில் நாடெங்கும் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு நிலவியதையும் அறிந்தவர்களுக்கு இதன் பெறுமதியை விளக்கத் தேவையில்லை. 30 வாற் அயன் 2.5 அம்பியர் இழுக்கும். 60 அம்பியர்-மணி பற்றரிக்கு அது ஒரு பொருட்டல்ல. ஆனால் மோட்டார் சைக்கிளின் 5 அம்பியர்-மணி பற்றரியை ஒரு மணி நேரத்தில் அது பாதியாக்கிவிடும்.

12 வோல்ற் அயனில் வயரின் நீளமும் தடிப்பும் முக்கியம். 1 சதுர மில்லிமீற்றர் வயரை 5 மீற்றர் நீட்டினால், போய் வரும் 10 மீற்றருக்கும் சேர்த்து 0.17 ஓம் தடை உண்டு. அதனால் 60 வாற் அயன் ஏறக்குறைய 52 வாற்றாகக் குறைந்துவிடும். நீட்டுவதானால் 2.5 சதுர மில்லிமீற்றர் வயரால் நீட்டுங்கள்.

துப்பாக்கி வடிவ அயன்: விசையை அழுத்திய சில விநாடிகளில் சூடேறும், 100 வாற்றுக்கு மேற்பட்ட வலு உண்டு. ஆயினும் உள்ளே மின்மாற்றி இருப்பதால் பாரமானது, பருமனானது. டாஷ்போட்டின் கீழே தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தால் சிறிது நேரத்தில் கை நடுங்கும். நுனியைச் சுற்றிக் காந்தப் புலமும் உண்டாவதால் கருவி முட்களுக்கு அருகில் விரும்பத்தக்கதல்ல. வெளியே எடுத்த தடித்த வயருக்கு நல்லது. நெருக்கடியான இடத்துக்கு நல்லதல்ல.

காஸ் அயன்: லைற்றருக்கு நிரப்பும் புயூட்டேன் வாயுவால் இயங்குவது. வயரே இல்லாதபடியால் எந்த மூலைக்குள்ளும் போகும். ஆனால் அதன் கழுத்திலுள்ள துளையால் சூடான வாயு வெளியேறும். நாம் நுனியைப் பார்த்துக்கொண்டிருக்கையில் அது பக்கத்து வயர்க் கட்டையோ இருக்கையின் துணியையோ சுட்டுவிடும். துளை எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்த்து வாங்குங்கள்; வேலை செய்யும்போது அந்தப் பக்கத்தை வெளிநோக்கித் திருப்பி வைத்திருங்கள். பெற்றோல் குழாய்க்கும் காபரேற்றருக்கும் அருகில் இதனைக் கொளுத்தவே கூடாது.

வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் சிறிய மின்னணு அயன்: அண்மைக் காலத்தில் வந்தது. பேனாவளவு சிறியது, சில விநாடிகளில் சூடேறும். பிடிக்கும் நுனிக்கும் இடையிலான தூரம் குறைவு. நெருக்கடியான இடத்துக்கு இதைவிடப் பொருத்தமான வடிவம் இல்லை எனலாம். வாங்குமுன் ஒன்றைக் கேளுங்கள்: சொல்லப்படும் வாற் எத்தனை வோல்றில்? 24 வோல்றில் 65 வாற் தரும் நுனி, 12 வோல்றில் அதன் நாலில் ஒரு பங்கான 16 வாற் அளவே தரும். வோல்ற் பாதியானால் வலு கால் பங்காகும் என்பது பள்ளியில் படித்த கணக்குத்தான். கார்ப் பற்றரியில் நேரே பூட்டினால் போதும் என்று நம்பி வாங்கியவர் ஏமாந்துபோவார். வோல்றைக் கூட்டும் மாற்றியோ அதற்குரிய பவர் பாங்கோ வேண்டும்.

கையில் எடுத்துப் பாருங்கள்

வகையைத் தீர்மானித்த பின் கடையில் அயனைக் கையில் எடுத்துப் பாருங்கள். பேனா பிடிப்பதுபோல் பிடித்து, விரலிலிருந்து நுனி எவ்வளவு தூரம் என்று கவனியுங்கள். தூரம் கூடக் கூட நுனி ஆடும். ஆடும் நுனி பக்கத்து வயரைச் சுடும்.

நுனியின் வடிவத்தில் பலர் ஏமாறுகிறார்கள். நெருக்கடியான இடத்துக்கு ஊசிபோன்ற நுனிதான் வேண்டும் என்று தோன்றும். ஊசிமுனை வயரில் ஒரு புள்ளியை மட்டுமே தொடும், வெப்பம் போகாது. உளிபோல் தட்டையான, 2 முதல் 3 மில்லிமீற்றர் அகலமுள்ள நுனி வயரோடு ஒட்டி நின்று விரைவாகச் சூடேற்றும். நுனியை மாற்றக்கூடிய அயனையே தெரிவுசெய்யுங்கள். வளைந்த நுனி கிடைத்தால் மூலை வேலைக்கு அதுவும் ஒன்று இருக்கட்டும்.

வயரையும் மறக்க வேண்டாம். விறைத்த பிளாஸ்ரிக் வயர் கையைத் தன் போக்குக்கு இழுக்கும். நுனி பட்டவுடன் உருகி உள்ளேயிருக்கும் செம்பு வெளித்தெரியும். சிலிக்கன் றப்பர் உறையுள்ள வயர் வளைந்து கொடுக்கும், சூட்டையும் தாங்கும். அயனை வைக்க ஒரு தாங்கியும் கூடவே வாங்குங்கள். வண்டிக்குள் சூடான அயனை வைக்க இடமில்லாமல் இருக்கையின்மேல் வைப்பதே பல கருகல்களுக்குக் காரணம்.

நுனியைப் பராமரிக்கும் முறை அதன் வகையைப் பொறுத்தது. வெறும் செப்பு நுனியை அரத்தால் தேய்த்து மீண்டும் ஈயம் பூசலாம். இரும்புப் பூச்சுள்ள நுனியை அரமோ எமரித் தாளோ தொடக் கூடாது. பூச்சுப் போனால் நுனி விரைவில் அரித்துப்போகும். ஈரப் பஞ்சில் துடைத்து, உடனே ஈயம் பூசி வையுங்கள்.

அயனுக்கு முன் இடத்தைப் பாருங்கள்

அனுபவமுள்ள எலெக்ரீசியன் ஒருவர் முதலில் அயனைத் தேடுவதில்லை, இடத்தைத் தேடுகிறார். வயர் அறுந்த இடத்திலேயே ஈயம் வைக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. இரு திருகாணிகளைக் கழற்றினால் கருவித் தட்டு முன்னே வரும். கட்டைச் சுற்றிய ரேப்பைச் சிறிது அவிழ்த்தால் வயர் ஒரு சாண் வெளியே வரும். அப்படியும் முடியாவிட்டால், பழுதான துண்டை முழுதாக வெட்டியெடுத்து, அதேயளவு தடிப்புள்ள புதிய வயரை இட்டு, இரண்டு மூட்டுகளையும் கை எட்டும் வெளியான இடங்களில் வையுங்கள். மூலைக்குள் மல்லாந்து வைத்த ஒரு மூட்டைவிட வெளியில் ஒழுங்காக வைத்த இரண்டு மூட்டுகள் நம்பகமானவை.

உள்ளேதான் செய்ய வேண்டும் என்றால், வயரின் இரு நுனிகளையும் ஒன்றன்மேல் ஒன்று சுற்றி, ஈயம் இல்லாமலே இழுத்தாலும் கழராதபடி முறுக்குங்கள். சுருங்கும் ரியூப்பை முன்னரே வயரில் கோத்து, சூடு படாதவாறு தள்ளி வையுங்கள். பக்கத்து வயர்களுக்கு மேல் ஈரத்துணியோ தகரத் துண்டோ மறைப்பாக வையுங்கள். அயனை மூட்டின் கீழ்ப்பக்கம் வைத்து, ஈயத்தை மேற்பக்கம் கொடுங்கள். ஈயம் அயனில் அல்ல, வயரிலேயே உருக வேண்டும். ஆறும்வரை அசைக்காதீர்கள்.

பற்றரியைக் கழற்றும் ஒழுங்கு

வேலைக்கு முன் பற்றரி இணைப்பைக் கழற்றுவது கட்டாயம். வண்டியின் உடலோடு சேர்ந்திருக்கும் ஏர்த் பக்கத்தை முதலில் கழற்றுங்கள். இன்றைய வாகனங்களில் அது மறைப் பக்கம். மொறிஸ் மைனர் போன்ற பழைய பிரித்தானியக் கார்களில், பின்னர் மாற்றியமைக்கப்படாதிருந்தால், நேர்ப் பக்கமே ஏர்த் ஆகும். கண்ணால் பார்த்து உறுதிசெய்த பின்னரே கைவையுங்கள்.

அதே பற்றரியிலிருந்து 12 வோல்ற் அயனை இயக்குவதானால், வண்டியின் இரு இணைப்புகளையும் கழற்றிவிட்டு, அயனை மட்டும் பற்றரியில் பூட்டுங்கள். சில அயன்களின் உலோக உடல் பற்றரியின் ஒரு முனையோடு தொடர்புடையதாக இருக்கும். வண்டி இணைப்பில் இருந்தால் நுனி பட்டதும் பொறி பறக்கும். அப்போதுதான் சார்ஜ் ஏறிய பற்றரியிலிருந்து ஐதரசன் வாயு வெளிவரும். ஆகவே அதற்கு அருகில் பொறியோ காஸ் அயனோ வேண்டாம். மல்லாந்து வேலை செய்பவர் கண்ணாடி அணிய வேண்டும். உருகிய ஈயத் துளி கண்ணில் விழுந்தால் கண் போய்விடும்.

ஈயத்திலும் கவனம்

60 பங்கு வெள்ளீயமும் 40 பங்கு ஈயமும் கலந்த, நடுவே றெசின் உள்ள கம்பியே வயருக்கு ஏற்றது. தகர வேலைக்குரிய அமிலப் பசையை ஒருபோதும் பயன்படுத்தாதீர்கள். இன்று மூட்டுப் பளபளக்கும். சில மாதங்களில் உள்ளிருந்தே வயரை அரித்துவிடும். ஈயம் கலவாத கம்பியும் இப்போது கிடைக்கிறது. அது 217 பாகைக்கு மேல்தான் உருகும் என்பதால் அயனின் வலுவும் சற்றுக் கூட வேண்டும். ஈயம் நஞ்சு. கம்பியை வாயில் கவ்வும் பழக்கத்தை விடுங்கள். சாப்பிடுமுன் கையைச் சவர்க்காரம் இட்டுக் கழுவுங்கள். கராஜில் விளையாட வரும் சிறுபிள்ளைகளைத் தூரத்தில் வையுங்கள். றெசின் புகை நெஞ்சடைப்பையும் இழுப்பையும் உண்டாக்கலாம். கதவுகளைத் திறந்து வைத்தே வேலை செய்யுங்கள்.

எதை வாங்குவது?

புதிதாகத் தொழில் தொடங்கும் ஒருவருக்கு எமது ஆலோசனை இது: பற்றரிக் கிளிப்புகளுடன் கூடிய, மாற்றக்கூடிய உளி நுனியுள்ள 60 வாற் 12 வோல்ற் அயன் ஒன்றை முதலில் வாங்குங்கள். மின்சாரம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அது உழைத்துத் தரும். 230 வோல்ற் ஆபத்தும் இல்லை. வருமானம் சற்று உயர்ந்த பின், நெருக்கடியான வேலைக்கென வெப்பக் கட்டுப்பாடுள்ள சிறிய அயனைச் சேர்த்துக்கொள்ளலாம். நாலைந்து பேர் சேர்ந்து தொழில் பழகும் இடங்களில், விலை கூடிய நெரிகுறடு ஒன்றைப் பொதுவில் வாங்கி மாறி மாறிப் பயன்படுத்துவதும் நல்ல வழியே.

எந்த அயனால் செய்தாலும் மூட்டைச் சோதிக்காமல் ரியூப்பால் மூடாதீர்கள். கையால் இழுத்துப் பாருங்கள். பின் பற்றரியை இணைத்து, விளக்கை எரியவிட்டு, மல்ரிமீற்றரின் இரு முனைகளையும் மூட்டின் இரு பக்கமும் வையுங்கள். நல்ல மூட்டில் மானி ஏறக்குறைய சைபரையே காட்டும். 0.1 வோல்ற் காட்டினால்கூட மீண்டும் வெட்டிச் செய்யுங்கள். அந்த வண்டியில் நாளை ஏறப்போகும் பிள்ளைகளுக்கு மூட்டு எங்கே இருக்கிறது என்று தெரியாது. அதைச் செய்தவருக்குத் தெரியும்.